கேடயத்தில் ஒரு கறுப்புப் புள்ளி

மிரிஞ்சாவின் நாக்கு ஒப்புக்கொண்டால்தான் அந்தக் குடியிருப்பில் கசப்புக்கொட்டை மாவு யார் வாய்க்குள்ளும் போகும். வடக்குக் குயின்ஸ்லாந்தின் மலைக்காட்டில் அந்தக் கொட்டைதான் மழைக்காலத்துச் சோறு. அவசரக்காரனுக்கு அதுவே நஞ்சு. முதலில் சுட வேண்டும். பிறகு நத்தை ஓட்டால் மெல்லிசாகச் சீவி, பிரம்புக் கூடையில் போட்டு, ஓடும் தண்ணீரில் கட்டிவிட வேண்டும். கசப்பு முழுதும் ஆற்றோடு போன பிறகே அது உணவு. போய்விட்டதா இல்லையா என்று சொல்லும் வேலை மிரிஞ்சாவுடையது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"நேத்தே எடுத்திருக்கலாம். பிள்ளைங்க பசியில கத்துதுங்க. ஒனக்கு யாரு மேலயும் நம்பிக்கையே கெடையாதுடி" என்று பெண்கள் சலித்துக்கொள்வார்கள்.

"தண்ணிய நம்புறேன். ஒங்களத்தான் நம்பல" என்பாள்.

அவள் சரி என்று சொன்ன மாவைத் தின்று யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்ததில்லை. ஆகவே அவளுடைய சந்தேகக் குணத்தை ஊர் பொறுத்துக்கொண்டது. புருஷன் வரிகுனும் பொறுத்துக்கொண்டான். அவன் அதிகம் பேசாதவன். மரமேறுவதில் கெட்டிக்காரன், ஈட்டி எறிவதில் சுமார்.

மலைமேல் மரங்களை வெட்டிச் சாய்த்து மக்காச்சோளம் போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரனின் நிலத்தை ஒட்டித்தான் அவர்களுடைய குடில்கள் இருந்தன. மிரிஞ்சாவின் குடிலுக்குச் சற்றுத் தள்ளி, வாசலை வேறு திசைக்குத் திருப்பி வைத்த குடிலில் அவள் தாய் யல்கை இருந்தாள். மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை நேராகப் பேசக் கூடாது. அவன் வரும் பாதையில் அவள் வந்தால் புதருக்குள் விலகி முதுகைக் காட்டி நிற்பாள். ஆனால் அவனுக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் யல்கை சொல்லாமல் விட்டவளும் அல்ல. அவளிடம் செவலை என்று ஒரு நாய் இருந்தது.

"செவல, ஒன்னயத்தான் கேக்குறேன். ஊர்ல எல்லாரும் விலாங்கு புடிச்சாச்சு. சில பேருக்கு மட்டும் ஆத்துத் தண்ணி கால்ல பட்டா சளி புடிக்குமோ?" என்று உரக்கக் கேட்பாள். செவலை வாலை ஆட்டும். அடுத்த நாள் வரிகுன் விலாங்கோடு வருவான்.

மிரிஞ்சாவுக்கு ஒரே ஓர் அண்ணன். ஜிரால் என்று பெயர். வாய் துடுக்கு, கை அதைவிடத் துடுக்கு. அத்திமரத்தின் பலகைவேரை வெட்டி அவன் செய்த கேடயம் மார்பிலிருந்து தொடைவரை மறைக்கும். செங்காவியும் மஞ்சள் காவியும் பூசி, கரியால் ஓரம் கட்டி, நடுக்குமிழைச் சுற்றி வெண்களிமண்ணால் இரண்டு விலாங்குகள் வளைந்து போவதுபோல எழுதியிருந்தான். ஒரு சண்டைக் கூட்டத்தில் எதிராளியின் மரவாள் பட்டு அதன் மேல்விளிம்பு பிளந்துவிட்டது. அந்த இடத்தைப் பிரம்புக் கீற்றால் கட்டியிருந்தான். கட்டியவள் மிரிஞ்சா. பிரம்பைக் குறுக்கே மடித்து அடியில் செருகும் அந்த முடிச்சு வேறு யாருக்கும் வராது.

சோளம் முற்றும் பருவத்தில் கடலோரத்தில் ஒரு சண்டைக் கூட்டம் கூடுவதாகச் செய்தி வந்தது. வழக்குகளைத் தீர்க்கவும், பெண் கேட்கவும், பழைய கணக்கை ஈட்டியால் முடிக்கவும் எல்லா ஆட்களும் கூடுகிற இடம் அது. ஜிராலும் வரிகுனும் சேர்ந்து புறப்பட்டார்கள். புறப்படுவதற்கு முந்தின மாலையில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஜிரால் மச்சானைச் சீண்டினான்.

"மேட்டுல முட்டைக்கு மண்ணு தள்ளிக்கிட்டிருக்கிற காட்டுக்கோழியக்கூட ஒன் ஈட்டி தொடாது மச்சான். அந்தக் கோழியா மனசு வச்சு வந்து குத்திக்கிட்டாத்தான் உண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். வரிகுன் அப்போது சிரிக்கவில்லை. பேச்சு வேறு எதற்கோ போன பிறகு, யாரும் சிரிக்காத நேரத்தில், அவன் மட்டும் லேசாகச் சிரித்தான். மிரிஞ்சா அதைப் பார்த்துவைத்துக்கொண்டாள்.

அவன் தனியாகத்தான் திரும்பி வந்தான். தோளில் ஒரு சிவப்புக் கம்பளி, இடுப்பில் புகையிலைக் கட்டிகள்.

"ஜிரால் எங்க?" என்றாள் மிரிஞ்சா.

"ஆறு ரெண்டா பிரியுற எடத்துல கடலோரத்து ஆளுங்களோட போயிட்டான். நான் பட்டணத்துக்குப் போனேன்."

"பொகையில யாரு குடுத்தா?"

"ஒரு வெள்ளக்காரன். ஒரு வேலை செஞ்சேன்."

"என்ன வேலை?"

"நின்னேன்."

"நின்னதுக்கா பொகையில?"

"அசையாம நின்னேன்" என்றான் வரிகுன். அதற்குமேல் அவளால் அவன் வாயைத் திறக்க முடியவில்லை.

மழை தொடங்கியது. ஜிரால் வரவில்லை. கடலோரத்தில் பெண் கிடைத்துத் தங்கிவிட்டான் என்றார்கள் சிலர். மிரிஞ்சாவின் மனம் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தது. வரிகுன் அவள் அண்ணனைப் பற்றிப் பேச நேரும்போது "ஒன் கூடப் பொறந்தவன்" என்றான். "விலாங்குக்காரன்" என்றான். ஒருமுறை வெறுமனே "அவன்" என்றான். பெயரைச் சொல்லவே இல்லை. போவதற்கு முன்னால் நாளெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்.

செத்தவரின் பெயரைத்தான் அங்கே யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

அவன் மறந்து சொல்லிவிடுவான் என்று அவள் காத்திருந்தாள். விறகு உடைக்கும்போது, தேன் எடுக்கும்போது, பாதித் தூக்கத்தில், என்று சமயம் பார்த்துப் பேச்சை அந்தப் பக்கம் தள்ளினாள். அவன் ஒவ்வொரு முறையும் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறவனைப்போல அந்தப் பெயரைச் சுற்றிக்கொண்டு போனான்.

மிரிஞ்சா சோளக்காரன் வீட்டில் துணி துவைப்பாள். மாவும் சர்க்கரையும் கிடைக்கும். மழை ஓய்ந்த ஒரு காலையில் அந்த வீட்டுக்காரி உள்ளேயிருந்து ஒரு தடித்த அட்டையை எடுத்து வந்து, சிரித்துக்கொண்டே நீட்டினாள். "பட்டணத்துல எல்லாக் கடையிலயும் தொங்குது. இது உன் புருஷன்தானே?"

வரிகுன்தான். பழுப்பு நிறத்தில், கையளவு. போகும்போது போட்டிருந்த கால்சட்டை இல்லை. இடுப்பில் மரப்பட்டை, நெற்றியில் யாருடையதோ வெள்ளைக் கிளி இறகு, வலத்தோளில் மரவாள். பின்னால் சீலையில் எழுதிய காடு. அந்தக் காட்டு மரங்களில் கொடி இல்லை, அடியில் சருகு இல்லை, ஓர் அட்டைப்பூச்சிகூட உயிர் பிழைக்காது. இடக்கையில் கேடயம்.

காவி நிறங்கள் இரண்டும் படத்தில் கறுத்துக் கிடந்தன. சிவப்பு எது மஞ்சள் எது என்று தெரியவில்லை. ஆனால் வெண்களிமண் வெள்ளையாகவே இருந்தது. குமிழைச் சுற்றி இரண்டு விலாங்குகள். மேல்விளிம்பில் பிரம்புக் கட்டு. குறுக்கே மடித்து அடியில் செருகிய முடிச்சு.

கூடவே, அவள் அறியாத ஒன்றும் இருந்தது. குமிழுக்கு வலப்புறம், விலாங்கின் முதுகுக்கு மேலே, உருண்டையாக ஒரு கறுப்புப் புள்ளி. அவள் அண்ணன் அதை எழுதவில்லை.

"வேணும்னா நீயே வச்சுக்கோ" என்றாள் வீட்டுக்காரி.

மிரிஞ்சா அட்டையைக் கூரையின் பனையோலைக்குள் செருகிக்கொண்டிருந்தபோது யல்கை வந்து நின்றாள்.

"என்னடி ஒளிக்கிற?"

"அம்மா, பாக்காத! ஒன் மருமகன் மூஞ்சி அதுல இருக்கு."

யல்கை சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டாள். உயிருள்ள முகத்துக்கு உள்ள விலக்கு அட்டையில் இருக்கும் முகத்துக்கும் உண்டா என்று யாரும் அதுவரை யோசித்ததில்லை. யோசிக்க அவகாசம் கிடைப்பதற்குள் பழக்கம் அவளைத் திருப்பிவிட்டது. "அந்த மூஞ்சிய எதுக்குடி கூரையில வைக்கிற? தரையில நடமாடுறது போதாதா?" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆனால் பாதி வழியில் ஒரு கணம் நின்றாள்.

வரிகுன் தேனோடு வந்தான். மிரிஞ்சா அதை வாங்கவில்லை.

"அண்ணன் பேரச் சொல்லு" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா. ஒருதரம் சொல்லு."

"வாய் வலிக்குது. தேனீ கொட்டிருச்சு."

"கொட்டுன வாய் இவ்வளவு பேசுது. ஒரு சின்னப் பேரு அதுல வராதா?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் அட்டையை எடுத்து அவன் முழங்காலில் வைத்தாள்.

"அந்த ஆளு கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு ஒத்தக் கண்ணாடிக் கண்ணால பாத்தான்" என்றான் வரிகுன் மெதுவாக. "கால்சட்டையக் கழட்டச் சொன்னான். ஒரு பெட்டியத் தொறந்து வாளக் குடுத்தான், எறகக் குடுத்தான். அப்புறம் இதக் குடுத்தான்."

"யாருதுன்னு தெரியலயா?"

"கையில வாங்குனதுமே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் நின்னியா?"

"நின்னேன். கீழ போட்டா என்னயப் புடிச்சுக்குவாங்களோன்னு பயம். அசையாத அசையாதன்னான். அசையல."

"இந்தப் புள்ளி?"

"அதுவும் இருந்துச்சு. எவனோ தன் புள்ளிய வச்சுத் தனக்குன்னு ஆக்கிக்கிட்டான்னு நெனச்சேன். கேடயத்த விட்டுட்டு அவன் உசுரோட இருக்க மாட்டான். அதனாலதான் பேரு சொல்லல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் போனோம். நான் ஒத்தையா வந்தேன். சொன்னா நீ நம்பியிருப்பியா?"

கோழியைப் பற்றிய கேலியும், பிந்தி வந்த அந்தச் சிரிப்பும் அவள் கண்முன் வந்தன. இவன் சொல்வது உண்மையாக இருக்கலாம். அண்ணனைக் கொன்றுவிட்டு, கேடயத்தைப் புகையிலைக்கு விற்று, அதையே பிடித்துக்கொண்டு நின்றும் இருக்கலாம். அன்றிலிருந்து அவள் நெருப்புக்கு அந்தப் பக்கம் படுத்தாள்.

அவள் துவைக்கப் போயிருந்த ஒரு நாளில் யல்கை குடிலுக்குள் வந்தாள். ஓலைக்குள் கைவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே அட்டையை வெளியே எடுத்தாள். தயாராகக் கொண்டுவந்திருந்த அத்தியிலையைத் தடவித் தடவி மேல்பாதியில் வைத்து அழுத்தினாள். பிறகுதான் கண்ணைத் திறந்தாள். மருமகனின் முகம் இலைக்கு அடியில் இருந்தது. கேடயம் வெளியே இருந்தது.

அவள் போட்ட ஓலம் சோளக்கொல்லைவரை கேட்டது.

மிரிஞ்சாவின் தகப்பன் இறந்துபோனவன். அவனுடைய அண்ணன் பிங்கால்தான் குடும்பத்துக்குத் தலை. பிங்கால் அட்டையை வெயிலில் பிடித்து, கவிழ்த்து, மறுபடி திருப்பிப் பார்த்தான். பழைய கேடயங்களின் எழுத்து எல்லாம் அவனுக்கு அத்துபடி. எந்தப் பள்ளத்தாக்கு, எந்தக் குலம், யார் கை என்று சொல்லிவிடுவான்.

"இது நம்ம பையனோடது. சந்தேகமே வேண்டாம்" என்றான். விரலைக் கறுப்புப் புள்ளியின் மேல் வைத்தான். "இது நம்ம எழுத்து இல்ல. ஒருத்தன் கேடயத்த இன்னொருத்தன் எடுத்துக்கிட்டா தன் அடையாளத்த மேல வைப்பான். வச்சிருக்கான். யாரு கையில இருக்கு? அவன்தான் வச்சிருக்கான்."

"பெரியப்பா, அவரு கையில குடுத்தாங்களாம்" என்றாள் மிரிஞ்சா.

"நீ அத நம்புறியா?"

ஊரே அவள் வாயைப் பார்த்தது. மாவில் கசப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பார்க்கிற பார்வை. "தெரியல" என்றாள் கடைசியில்.

"தெரியலன்னா அந்த மாவத் திங்கலாமா?" என்றான் பிங்கால்.

வழக்கு அப்படித் தீர்ந்தது. மலைமேல் அடுத்த கூட்டம் கூடும்போது வரிகுன் களத்தில் நிற்க வேண்டும். பிங்காலும் அவன் மக்களும் ஈட்டி எறிவார்கள். சின்னக் குற்றமென்றால் தொடைக்கு எறிவது வழக்கம். இது ரத்தப்பழி, நெஞ்சுக்குத்தான் எறிவார்கள்.

வரிகுன் ஓடிப்போவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மிரிஞ்சாவும் எதிர்பார்த்தாள். அவன் உணவை மூட்டை கட்டுகிறானா, ஈட்டியைத் தீட்டுகிறானா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். அவன் வழக்கம்போல மரமேறித் தேன் எடுத்தான், வழக்கம்போலப் பேசாமல் இருந்தான். ஓடினால் குற்றவாளி என்று அவள் முடிவுகட்டியிருப்பாள். அவன் ஓடாதது அவளுக்கு உதவவில்லை. ஓடாமல் இருந்தால் நம்புவார்கள் என்று கணக்குப் போட்டே ஒருவன் ஓடாமல் இருக்கலாம்.

தூரத்துக் குடியிருப்புகளின் புகை மலைச்சரிவில் தெரியத் தொடங்கியபோது, விலாங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மிரிஞ்சா கிளம்பினாள். நெற்றியில் மாட்டிய கூடை முதுகில் தொங்கியது. பொதிகழுதைகள் ஏறி இறங்கும் பாதையில் பட்டணத்துக்கு இறங்கினாள். புருஷன் சொன்னதை அவள் நம்பவில்லை, பெரியப்பா சொன்னதையும் நம்பவில்லை. அட்டையில் இருப்பது கேடயத்தின் நிழல். அவள் தொட்டுப் பார்க்க வேண்டியது கேடயத்தை.

விசாரித்து வந்து சேர்ந்த படக்காரன் வீடு, கூரையில் கண்ணாடி பதித்த மரவீடு. வாசல் சுவரில் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. மிரிஞ்சா அவற்றின் முன்னால் நின்றாள். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

வரிகுன் இருந்தான். அவனுக்கு அடுத்து, மார்பில் தழும்புகளோடு கடலோரத்து ஆள் ஒருவன். அவன் கையில் அதே கேடயம். அதற்கடுத்து நரைத்த தாடிக் கிழவன். அதே கேடயம், அதே பிரம்பு முடிச்சு. ஈட்டியை ஓங்கியபடி மண்டியிட்ட இரண்டு பேர். ஒருவன் கையில் அதே கேடயம். எல்லாவற்றிலும் அந்தக் கறுப்புப் புள்ளி. எல்லார் நெற்றியிலும் அதே கிளியிறகு. பின்னால் கொடியில்லாத அதே காடு.

பிடித்தவன்தான் கொன்றவன் என்றால் இந்தச் சுவர் முழுக்கக் கொலைகாரர்கள். மிரிஞ்சாவுக்கு மூச்சு சற்று இறங்கியது. உடனே அடுத்த சந்தேகம் வந்தது. இத்தனை பேர் பிடித்த கேடயத்தை முதன்முதலில் இங்கே கொண்டுவந்தது யார்?

படக்காரன் வெளியே வந்தான். கைவிரல்கள் மருந்தில் கறுத்துப்போன, தொப்பை விழுந்த மனிதன். அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவன் கண் கூடையில் நின்றது. யல்கை பின்னிய கூடை. இரு பக்கமும் கொம்புபோல வளைந்து, காவி பூசியது.

"உள்ளே வா. நிக்கணும். புகையிலை தர்றேன்" என்றான்.

உள்ளே மூலையில் திறந்த பெட்டி. வாள்களும் ஈட்டிகளும் சாய்த்து வைத்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் அது. அவள் நேராகப் போய்க் கேடயத்தைத் தரையில் இறக்கி, முன்னால் உட்கார்ந்தாள். செங்காவி செங்காவியாகவே இருந்தது. மஞ்சளும் அப்படியே. முடிச்சு அவளுடையது. புள்ளியைத் தடவினாள். கரி பூசிய மரம் சொரசொரப்பாக இருக்கும். இது வழவழவென்று இருந்தது. நகத்தை வைத்து அழுத்தினாள். நகம் உள்ளே போனது.

மெழுகு. கறுப்பு மெழுகு.

கூந்தலில் செருகியிருந்த, வாலபி என்ற சின்னக் கங்காருவின் எலும்பு ஊசியை எடுத்துக் குத்தினாள். மெழுகு உதிர்ந்தது. பின்பக்கமும் அதே மெழுகு. அதையும் குத்தித் தள்ளினாள். கண்ணாடிக் கூரையிலிருந்து விழுந்த வெயில் கேடயத்தின் வழியாக வந்து அவள் மடியில் ஒரு சின்ன வட்டமாக நின்றது. சுண்டுவிரலை உள்ளே விட்டாள். முன்பக்கம் ஓரம் சீராக இருந்தது; பின்பக்கம் மரம் சிராய் சிராயாகப் பிய்ந்திருந்தது. ஈட்டி இப்படித் துளைக்காது. ஈட்டி மரத்தைப் பிளக்கும். எந்தக் கை எறிந்தாலும் அந்த வேர்ப்பலகையில் இவ்வளவு வட்டமான துளை விழாது.

"ஏய், அதைக் கெடுக்காதே" என்றான் படக்காரன்.

"இது எங்கேந்து வந்துச்சு?" துணி துவைத்துக் கற்ற அவன் பாஷையில் கேட்டாள்.

"குதிரையில வர்ற ஆளுங்க குடுத்தாங்க. துப்பாக்கிக்காரங்க. ஒரு புட்டி சாராயத்துக்கு."

"எந்த எடத்துல?"

அவன் தோளைக் குலுக்கினான். ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினான். அல்லது கதவுப் பக்கம் காட்டினானோ என்னவோ. அவனுக்கு அதில் அக்கறை இல்லை. "அந்தக் கூடையத் தர்றியா?" என்றான்.

"இதத் தா."

அவன் துளையைப் பார்த்தான். பெட்டியில் புதிதாக வந்திருந்த இன்னொரு கேடயத்தைப் பார்த்தான். அது முழுசாக, பளிச்சென்று இருந்தது. அது யாருடையதோ, எந்தத் தங்கை எங்கே தேடிக்கொண்டிருக்கிறாளோ. "ஓட்டைக் கேடயம் எனக்கு எதுக்கு? எடுத்துக்கோ. ஆனா நிக்கணும்" என்றான்.

"நிக்க மாட்டேன்" என்றாள் மிரிஞ்சா. கூடையை இறக்கி அவன் காலடியில் வைத்துவிட்டு, கேடயத்தைத் தான் போர்த்தியிருந்த மரப்பட்டைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். அவன் கூடையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், கூப்பிடவில்லை.

அவள் மலையேறி வந்தபோது களத்தில் ஆட்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் வரிகுன், தன்னுடைய கேடயத்தோடு. எதிரில் பிங்காலும் அவன் மக்களும். ஓரத்தில் பெண்கள், அவர்களுக்கும் பின்னால், களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யல்கை. மகனைக் கொன்றவன் சாவதைக்கூட அவள் பார்க்க முடியாது. காதால் கேட்க வந்திருந்தாள்.

"பெரியப்பா, கையத் தாழ்த்து!" என்று கத்திக்கொண்டே மிரிஞ்சா வட்டத்துக்குள் புகுந்தாள்.

"விலகு. மாவுல கசப்பு இருக்கா இல்லயான்னு சொல்ல வந்தியா?" என்றான் பிங்கால். சிலர் சிரித்தார்கள்.

"ஆமா. சொல்லத்தான் வந்தேன்." போர்வையை உதறினாள். கேடயத்தை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, சூரியனுக்கும் பிங்காலுக்கும் நடுவே பிடித்தாள். துளை வழியாக வந்த வெளிச்சம் கிழவனின் மார்பில் விழுந்தது. அவன் குனிந்து தன் மார்பைப் பார்த்தான்.

"இதுதான் நீ சொன்ன அடையாளம். இத எழுதுன காவி எதுன்னு சொல்லு பெரியப்பா."

பிங்கால் ஈட்டியை மகனிடம் கொடுத்துவிட்டு அருகில் வந்தான். விரலை விட்டான். பின்பக்கத்துச் சிராயைத் தடவினான். அவன் எழுத்து தெரிந்தவன். துளையை எழுத்தென்று படித்துவிட்டதை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "துப்பாக்கி" என்றான் தாழ்ந்த குரலில்.

"நம்மள்ல யாருகிட்ட துப்பாக்கி இருக்கு?"

யல்கை அப்போதும் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். மிரிஞ்சா கேடயத்தைக் கொண்டுபோய் அந்தக் கையில் வைத்தாள். கிழவியின் விரல் விலாங்கைத் தடவி, முடிச்சைத் தடவி, துளைக்கு வந்து அங்கேயே நின்றது. அவள் சத்தம் போடவில்லை. சத்தமெல்லாம் அட்டைக்கே செலவாகிவிட்டிருந்தது.

பிங்கால் களத்துக்குத் திரும்பினான். "கொன்னது நீ இல்ல. ஆனா துப்பாக்கிக்காரனுக்கு வழி காட்டுனது யாரு?"

"நான் இல்ல மாமா" என்றான் வரிகுன்.

"செத்துட்டான்னு தெரிஞ்சும் எங்கள ஒரு மழைக்காலம் பூரா காத்திருக்க வச்சியே. அவன் தாய் பாதையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. அது?"

"அது நான்தான்" என்றான் வரிகுன். சொல்லிவிட்டுக் கேடயத்தைத் தாழ்த்தினான்.

பிங்கால் எறிந்தான். ஈட்டி இடது தொடையில் தைத்தது. வரிகுன் அசையவில்லை, அசையாமல் நிற்க அவனுக்குத் தெரியும். கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டுக் கலைந்தது. வழக்கு அத்தோடு முடிந்தது. இனி அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

மிரிஞ்சா ஈட்டியைப் பிடுங்கிக் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து யல்கையின் குரல் வந்தது. "செவல, அங்க யாருக்கோ கால்ல ரத்தம் போகுதாம். சுடுசாம்பல் வச்சு, கட்டுக்கொடியால கட்டணும். இது தெரியாம ஒருத்தி துணியால தொடைச்சுக்கிட்டு இருப்பா." வெகுதூரம் போன பிறகு நாயிடம் இன்னும் ஏதோ சொன்னாள், அது கேட்கவில்லை.

அண்ணனுடைய கேடயத்தை ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் எரித்தார்கள். அட்டையையும் அதில் போடச் சொன்னாள் மிரிஞ்சா. பட்டணத்துக் கடைகளில் மற்றவை தொங்கிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை எரிக்க யாராலும் முடியாது.

மிரிஞ்சா மறுபடி நெருப்புக்கு இந்தப் பக்கம் வந்து படுத்தாள். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். வரிகுன் சற்று நொண்டிக்கொண்டே மரமேறினான். வழி காட்டவில்லை என்று அவன் களத்தில் சொன்னதை ஊர் ஏற்றுக்கொண்டது. அவளும் ஏற்றுக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சிவப்புக் கம்பளியை அவள் ஒருநாளும் போர்த்திக்கொள்ளவில்லை. நின்றதற்குப் புகையிலை, சரி. கம்பளி எதற்கு என்று கேட்க வழக்கு இடம் கொடுக்கவில்லை. அது குடிலின் மூலையிலேயே கிடந்து பூச்சியரித்துப் போனது. வரிகுனும் அதை எடு என்று சொன்னதில்லை.

வயதான பிறகும் மாவு பார்க்கும் வேலை அவளிடம்தான் இருந்தது. கூடையை நீரிலிருந்து தூக்கி வருவது வரிகுனாக இருந்தால், ஒரு சிட்டிகையை நாக்கின் அடியில் வைத்துப் பார்த்துவிட்டு, தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, இன்னொரு சிட்டிகை எடுப்பாள். அவன் எதிரே உட்கார்ந்து, அசையாமல் காத்திருப்பான்.